மானின் காதுக்கு முந்தியது எது?

மிச்சிகனில் அக்டோபர் 1 அன்று வில் வேட்டைப் பருவம் தொடங்கும். இழுக்க 45 பவுண்டு விசை கேட்கும் என் ரிகர்வ் வில்லோ (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), எய்யும்போதெல்லாம் 'டங்' என்று அதிர்ந்தது. சத்தம் பெரிய விஷயமில்லை, வேகம் போதும் என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி செல்கிறது. என் அம்பு 170 அடிதான். 20 கெஜத்தில் நிற்கும் வெள்ளைவால் மான், சத்தம் கேட்டதும் பாய்வதற்காகக் கால்களை மடக்கித் தாழும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும்.

சத்தத்தைக் குறைக்க, முதலில் நாணைக் கழற்றிக் கூடுதலாகச் சில முறுக்குகள் கொடுத்தேன். முறுக்க முறுக்க நாண் குறுகும். கைப்பிடியிலிருந்து விலகி நிற்கும். ஏழரை அங்குல இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். எட்டை நெருங்கியதும் 'டங்' போய் 'தப்' வந்தது. காசில்லாத வைத்தியம், ஆனாலும் எல்லோரும் கடைக்குத்தான் ஓடுகிறார்கள்!

அடுத்து அம்பின் எடை. 380 கிரெயினிலிருந்து (அம்பை நிறுக்கும் சிறிய எடை அளவு) 470க்கு மாறினேன். கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் வாங்கிக்கொள்ளும். அது வாங்காமல் விட்டதுதான் அதிர்வாகவும் சத்தமாகவும் கைக்குத் திரும்புகிறது. வேகம் சற்றுக் குறைந்தது, கவலையில்லை.

நாணில் இரு பக்கமும் கம்பளி நூல் குஞ்சம் கட்டினேன். மழையில் நனைந்தால் கனக்கும். அதைவிட பீவர் என்ற நீர்விலங்கின் ரோமம் நல்லது. வில் நுனிகளில் நாண் அடிக்கும் இடத்தில் மெல்லிய துணிப்பட்டை ஒட்டினேன்.

இவ்வளவும் செய்த பிறகும், காதை விறைத்துக்கொண்டு என்னையே பார்க்கும் மானை நோக்கி எய்வதில்லை.