பிரிண்டர் அடிக்கடி 'ஆஃப்லைன்' ஆகிறதா?

ஆபீஸ் பிரிண்டர் காலையில் வேலை செய்யும், மதியம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் 'ஆஃப்லைன்' என்று காட்டும். உடனே டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடுவோம். இரண்டு நாள் ஓடும், அப்புறம் பழைய கதைதான். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் வீண்.

பெரும்பாலும் குற்றம் டிரைவரில் இல்லை, ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண்) இருக்கிறது. பிரிண்டரை அணைத்துப் போட்டால் ரவுட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டரோ பழைய முகவரிக்கே பிரிண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் திரையில் இப்போதைய முகவரியைப் பாருங்கள். விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

ரவுட்டர் ஐபி கொடுக்கும் முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில், பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிரிண்டரிலேயே ஐபியைக் கையால் போடுவதைவிட இதுதான் நல்லது. அதே எண் வேறு கருவிக்குப் போய் மோதாது. போர்ட்ஸ் பக்கத்தில் 'டபிள்யூஎஸ்டி' (விண்டோஸ் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறை) என்று இருந்தால், அதற்குப் பதில் 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்' சேர்த்து அந்த ஐபியைக் கொடுங்கள்.

அப்படியும் பொய்யாக 'ஆஃப்லைன்' காட்டினால், அதே போர்ட்டின் 'கான்ஃபிகர் போர்ட்'டில் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' (பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் வசதி) டிக்கை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் இந்த ஒரு டிக்தான் ஆளைப் படுத்தும்.

ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் சிக்கலா? சரி, ரவுட்டரைத் தொட வேண்டாம். முதலில் அந்தக் கம்ப்யூட்டரில், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்.