ஆங்கிலத்தில் “உடைய” அப்பாஸ்ட்ரஃபி: எங்கே போடுவது, எங்கே விடுவது

“உடைய” என்ற பொருளைத் தர ஆங்கிலத்தில் எழுத்தை ஒட்டி மேல்பக்கமாக ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அதுதான் அப்பாஸ்ட்ரஃபி. சிக்கல் என்னவென்றால், பேசும்போது அது காதில் விழாது. கேர்ள்ஸ், கேர்ள்’ஸ், கேர்ள்ஸ்’ மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். அதனால் காதை நம்பி எழுத முடியாது. யோசித்துத்தான் போட வேண்டும். எந்த வரிசையில் யோசிப்பது என்பதைப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கடைசியில் வரும் “ஸ்” எல்லாம் ஆங்கில எஸ் எழுத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உரிமையாளர் இருக்கிறாரா?

எஸ் எழுத்தில் முடிகிற சொல்லைக் கண்டாலே குறி போடுவது பலருக்குப் பழக்கம். “ஐ பாட் டூ புக்ஸ்” என்பதில் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை, வெறும் பன்மை. “ஷீ ரன்ஸ்” என்பதில் இருப்பது வினைச்சொல். இரண்டுக்கும் குறி வேண்டாம். சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். “உடைய” என்றோ “இன்” என்றோ வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். “கள்” மட்டும் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 2: உரிமையாளரை முழுசாக எழுதுங்கள்

பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். “மாணவர்களுடைய” என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மாணவர் + கள் + உடைய. பன்மை முதலில், வேற்றுமை உருபு அப்புறம். இதை மாற்றி “மாணவருடையகள்” என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். ஒரே மாணவர் என்றால் “ஸ்டூடன்ட்” என்று எழுதி நிறுத்துங்கள். பல மாணவர்கள் என்றால் “ஸ்டூடன்ட்ஸ்” என்று எழுதி நிறுத்துங்கள். குறியைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம்.

படி 3: சொல் முடிந்த இடத்தில் குறி

இப்போது குறியைப் போடுங்கள். எஸ்ஸில் முடியும் பன்மை என்றால் வேலை முடிந்தது: ஸ்டூடன்ட்ஸ்’ நோட்புக்ஸ். மற்றபடி குறிக்குப் பின்னால் ஓர் எஸ் சேரும்: ஸ்டூடன்ட்’ஸ் நோட்புக்.

“ஒருமைக்கு எஸ்ஸுக்கு முன்னால், பன்மைக்குப் பின்னால்” என்று ஒரு சுருக்க விதி சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சில்ட்ரன், மென், விமன் என்று வந்ததும் அது கவிழ்ந்துவிடும். இவை பன்மைதான், ஆனால் எஸ்ஸில் முடிவதில்லை. ஆகவே சில்ட்ரன்’ஸ் டாய்ஸ், விமன்’ஸ் ஹாஸ்டல் என்பதே சரி. படி 2-ஐப் பின்பற்றினால் இவற்றுக்குத் தனி விதியே தேவையில்லை.

சரிபார்க்கும் வழியும் சுலபம். குறியிலிருந்து வலப்பக்கம் இருப்பதை விரலால் மூடுங்கள். மிச்சம் தெரிவது உங்கள் உரிமையாளராக இருக்க வேண்டும். “மை சிஸ்டர்ஸ்’ ரூம்” என்பதை மூடினால் தெரிவது “சிஸ்டர்ஸ்”, அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட சகோதரிகளுக்கு ஒரே அறை. “மை சிஸ்டர்’ஸ் ரூம்ஸ்” என்றால் ஒரு சகோதரிக்குப் பல அறைகள். எத்தனை பேருக்குச் சொந்தம் என்பதுதான் கணக்கு. எத்தனை பொருள் என்பது கணக்கில் வராது.

படி 4: இட்ஸ்

ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதில் வழுக்கி விழுவார்கள். “அதனுடைய” என்ற பொருளில் வரும் இட்ஸுக்குக் குறி கிடையாது. ஹிஸ், ஹெர்ஸ், யுவர்ஸ், அவர்ஸ், தேர்ஸ் எதற்கும் கிடையாது. இவை பிறக்கும்போதே “உடைய”வோடு பிறந்த சொற்கள். குறி போட்ட இட்’ஸ் என்பது “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்பதன் சுருக்கம். எழுதிய வாக்கியத்தில் “இட் இஸ்” என்றும் “இட் ஹாஸ்” என்றும் விரித்துப் படியுங்கள். “தி கேட் லிக்ட் இட் இஸ் பா” என்பதுபோல் இரண்டுமே உளறலாக வந்தால் குறியை எடுத்துவிடுங்கள். ஃபோனில் தட்டும்போது ஆட்டோகரெக்ட் கேட்காமலே குறியைச் சேர்த்துவிடும், அதன்மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

உண்மையில் இந்தக் குறி 16-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததே, எழுத்து விடுபட்ட இடத்தைக் காட்டத்தான். பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு உடைமையைக் காட்ட இ, எஸ் என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து வந்தன. காலப்போக்கில் அந்த இ உதிர்ந்தது; அது இருந்த இடத்தில் குறி உட்கார்ந்துகொண்டது.

இன்னும் சில

பெயரே எஸ்ஸில் முடிந்தால்? ஜேம்ஸ்’ஸ், ஜேம்ஸ்’ இரண்டையும் பார்க்கலாம். சிகாகோ நடைக் கையேடு முதலாவதைச் சொல்கிறது. ஏபி செய்தி நிறுவனத்தின் நடை இரண்டாவதை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கட்டுரை முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு பேருக்குச் சேர்ந்து ஒரு வீடு என்றால் கடைசிப் பெயரில் மட்டும் குறி: மீனா அண்ட் ரவி’ஸ் ஹவுஸ். ஆளுக்கொரு ஃபோன் என்றால் இரண்டிலும்: மீனா’ஸ் அண்ட் ரவி’ஸ் ஃபோன்ஸ். கால அளவுக்கும் இதே விதிதான்: ஒன் வீக்’ஸ் லீவ், டூ வீக்ஸ்’ லீவ்.

பெயர்ப்பலகைகளைப் பார்த்து மட்டும் இதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். லண்டன் சுரங்க ரயிலில் பிக்காடில்லி தடத்தில் அடுத்தடுத்த நிலையங்கள் இரண்டு: ஏர்ல்’ஸ் கோர்ட்டில் குறி உண்டு, பேரன்ஸ் கோர்ட்டில் இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் புத்தகக் கடை நிறுவனம் 2012-ல் தன் பெயரிலிருந்த குறியை எடுத்துவிட்டது. அமெரிக்காவில் ஊர், மலை, ஏரிப் பெயர்களைப் பதிவு செய்ய 1890-ல் ஏற்பட்ட வாரியம், உடைமைக் குறிக்கு அனுமதி கொடுப்பதே அபூர்வம். மார்த்தா’ஸ் வினியார்ட் அப்படித் தப்பிய ஒன்று. இவையெல்லாம் பெயர்கள். இலக்கணம் பார்க்காமல், உரியவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதிவிடுங்கள்.