கோத்தகிரிக் காலையும் லட்டாக்கியாவும்: முகம் சுளித்தவர்களுக்கு ஒரு செய்முறை

புகையிலையைத் தொடாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய் அபாயம் உண்டு. நிகோடினும் ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே சுங்கான் (புகைக்குழாய்) பிடிப்பவர், யாரோ கொடுத்த லட்டாக்கியா என்ற புகையூட்டிய புகையிலையை ஒரு முறை இழுத்துப் பார்த்து டப்பாவை மூடி வைத்தவர், அவருக்காக எழுதுகிறேன்.

டப்பாவைத் திறந்ததும் வருவது கரி, தார், பழைய தோல், அணைந்த அடுப்பு எல்லாம் கலந்த மணம். கெட்டுப்போன சரக்கு என்று நினைக்க வேண்டாம். சிரியாவின் துறைமுக நகரம் ஒன்றின் பெயர்தான் லட்டாக்கியா. இப்போது கிடைப்பது பெரும்பாலும் சைப்ரஸ் தீவில் விளைந்தது. வெயிலில் உலர்ந்த இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே பைன், மிர்ட்டில் போன்ற மணமுள்ள விறகுகளைக் கனலவிட்டு, இலை கறுக்கும்வரை புகையூட்டுகிறார்கள். சீனாவின் வூயி மலையில் லாப்சாங் சூச்சோங் தேயிலைக்குப் பைன் புகை ஏற்றுவதும் ஏறக்குறைய இதே வேலை. நீலகிரிக்காரருக்கு இந்த மணம் புதிதே அல்ல. மழைக்காலத்தில் சீகை விறகு எரியும் அடுப்படியில் காயப்போட்ட கம்பளியை எடுத்துப் போர்த்தியிருக்கிறீர்களா? பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

முதலில் கலவை. தனி லட்டாக்கியாவை நிரப்பாதீர்கள். குழம்புக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படித்தான் இது. வெர்ஜீனியாவும் துருக்கி வகை இலைகளும் அதிகமாக, லட்டாக்கியா கொஞ்சமாக உள்ள கலவையில் தொடங்குங்கள்.

அடுத்தது ஈரம். எங்கள் ஊரில் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். மூடுபனி நாட்களில் டப்பாவைத் திறந்து வைத்தாலே இலை ஈரத்தைக் குடித்துவிடும். ஈர இலை ஆவியாகி நாக்கைச் சுடும். பழி லட்டாக்கியாவின் மேல் விழும். ஒரு வேளைக்கு வேண்டியதைக் காகிதத்தில் பரப்பி, அடுப்பங்கரையில் அரை மணி நேரம் வையுங்கள். ஒரு சிட்டிகையை விரலால் அழுத்திவிட்டு, பிடியைத் தளர்த்துங்கள். உருண்டையாகவே நின்றால் இன்னும் ஈரம். மெல்லப் பிரிந்து விரிந்தால் பக்குவம். சரசரவென்று நொறுங்கினால் காய்ந்துவிட்டது.

இலை காயும் நேரத்தில் தேநீர். பாலும் சர்க்கரையும் வேண்டாம். பால் நாக்கில் படிந்து புகையின் நுணுக்கத்தை மறைத்துவிடும். தூள் தேநீரைவிட, முழு இலையாகச் சுருண்டிருக்கும் ஆர்த்தடாக்ஸ் தேயிலை நல்லது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறித்தது கிடைத்தால் விடாதீர்கள். குளிரில் மெதுவாக வளர்ந்த கொழுந்தின் பூ மணம் இந்தக் கரிப்புகைக்கு நேரெதிர். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் என்பதால் இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை போட்டு, நான்கு நிமிடம் முழுதாக ஊற விடுங்கள்.

வெறும் வயிற்றில் மட்டும் பிடிக்காதீர்கள். முதல் நாள் நான் அப்படிப் பிடித்து, தலை சுற்றி, திண்ணையில் கண்ணை மூடிப் படுத்துவிட்டேன். இரண்டு வர்க்கி தின்றுவிட்டு உட்காருங்கள்.

நிரப்புவது மூன்று தவணையாக. முதல் சிட்டிகையைத் தானாக விழ விடுங்கள், இரண்டாவதை லேசாக அமுக்குங்கள், மூன்றாவதைச் சற்று அழுத்தமாக. பற்ற வைக்காமல் இழுத்துப் பாருங்கள். காற்று தடையில்லாமல் வர வேண்டும். தீக்குச்சியின் கந்தக வாடை போகும்வரை பொறுத்து, சுடரை வட்டமாகச் சுற்றிக் காட்டுங்கள். மேல் இலை நெளிந்து எழும். ஆணித்தலையால் மெதுவாக அமுக்கி, இரண்டாம் முறை பற்ற வையுங்கள். இதுதான் நிலைத்து எரியும் தீ.

இனி அவசரமே கூடாது. சூடான கஞ்சியை உறிஞ்சுவதுபோல் சிறிதாக இழுத்து, வாயில் வைத்திருந்து, விட்டுவிடுங்கள். உள்ளே இழுக்க வேண்டாம். கொஞ்சம் மூக்கு வழியாக விட்டால் தோல் மணத்துக்கு அடியில் ஊதுபத்தி போன்ற ஒன்று தெரியும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு மிடறு தேநீர். தேநீரின் துவர்ப்பு நாக்கைத் துடைத்துவிடும். அடுத்த இழுப்பில் வெர்ஜீனியாவின் வைக்கோல் இனிப்பு முன்னால் வரும், லட்டாக்கியா பின்னால் நிற்கும். அந்த இடம் மாறுவதைக் கவனிக்கத்தான் தேநீரே. கையில் சுங்கான் சுட்டால் வேகம் அதிகம், கீழே வையுங்கள். அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்ற வைத்துக்கொள்ளலாம்.

இதைச் சொந்தத் திண்ணையில் செய்யுங்கள், குழந்தைகள் அருகில் இல்லாதபோது. பொது இடங்களில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடை இருக்கிறது.

சாம்பலைத் தோட்டத்தில் தட்டவே தட்டாதீர்கள். பிப்ரவரியில் உறைபனியில் கருகிய புல்லுக்கு ஒரு பொறி போதும். தண்ணீர் ஊற்றிய டப்பாவில் கொட்டுங்கள். சுங்கான் ஆறிய பிறகே தண்டைக் கழற்றி, பஞ்சு சுற்றிய கம்பியால் ஈரத்தைத் துடைத்து நிமிர்த்தி வையுங்கள்.

மறுநாள் சுங்கானை எடுக்காதீர்கள். மரம் உலர வேண்டும். அதே தேயிலையை, அதே நேரத்தில், தனியாகக் குடியுங்கள். நேற்று புகைக்கு நடுவே ஒளிந்திருந்த பூ மணம் எந்த மிடறில் வருகிறது என்று பாருங்கள்.