தினார் ஏறட்டும், தர்மம் செய்கிறேன்: இந்தக் கணக்கில் நடக்கும் தவறுகள்

25,000 ஈராக் தினார் நோட்டில் ஒரு பக்கம் கோதுமைக் கதிர்களை அணைத்தபடி ஒரு குர்து விவசாயப் பெண் இருப்பார், கூடவே ஒரு டிராக்டர். திருப்பினால் ஹம்முராபி மன்னரின் பழங்காலச் சிற்பம். பார்க்க அழகான நோட்டுதான். டாலருக்கு 1,300 தினார் என்ற அரசு விலையில் இதன் மதிப்பு 19 டாலர் சொச்சம்.

அமெரிக்காவில் எத்தனையோ பேர் இந்த நோட்டுகளைக் கட்டுக்கட்டாக பீரோவில் வைத்துக்கொண்டு, சதாம் ஆட்சி போனதிலிருந்து ஓர் இரவுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த இரவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஆர்வி’. ரீவேல்யுவேஷன், அதாவது மறுமதிப்பீடு. அன்று ஒரு தினார் மூன்று டாலர் ஆகிவிடுமாம். நாற்பது நோட்டு, அதாவது பத்து லட்சம் தினார் வைத்திருப்பவர் விடிந்து பார்த்தால் 30 லட்சம் டாலருக்குச் சொந்தக்காரர்.

இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது சுலபம். ஆனால் இந்தக் கூட்டத்தின் பேச்சைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால் அதில் கார், பங்களாவைவிட அநாதை இல்லம், மருத்துவமனை, புயலில் வீடிழந்தவர்களுக்கு வீடு என்பவைதான் அதிகம் வரும். என் கணிப்பில், ஆளைக் கட்டிப்போடுவது ஆசை அல்ல, இந்த நல்லெண்ணம்தான். அதைப் பேசும் முன் கணக்கில் நடக்கும் தவறுகளை முடித்துவிடலாம்.

சைபரை வெட்டுவதை லாபம் என்று நினைப்பது

ஈராக் மத்திய வங்கி தன் நோட்டுகளில் மூன்று சைபர்களை நீக்கப்போவதாகப் பல வருடங்களாக அவ்வப்போது பேசிவருகிறது. பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் ‘வந்துவிட்டது ஆர்வி’ என்று கொண்டாட்டம் தொடங்கும். சைபர் நீக்கம் வேறு, மதிப்பு உயர்வு வேறு. துருக்கி 2005-இல் ஆறு சைபர்களை வெட்டியது. பழைய பத்து லட்சம் லிரா, புதிய ஒரு லிரா ஆனது. கடையில் விலைச்சீட்டிலும் அதே ஆறு சைபர் போயிற்று. யாரும் பணக்காரர் ஆகவில்லை. ஈராக்கும் அப்படிச் செய்தால் 25,000 தினாரைக் கொடுத்து 25 புதிய தினார் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் அதே 19 டாலர்தான்.

இந்தக் கூட்டம் தினாரோடு சேர்த்துச் சேகரிக்கும் ஜிம்பாப்வே நோட்டுகளின் கதி இன்னும் மோசம். 2009-இல் வந்த அந்த நூறு ட்ரில்லியன் டாலர் நோட்டு ஞாபகம் இருக்கலாம். 2015-இல் அந்த நாட்டு மத்திய வங்கி பழைய பணத்தை அதிகாரபூர்வமாகவே செல்லாததாக்கி, அந்த வரிசை நோட்டுகளில் 250 ட்ரில்லியனுக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று எண்ணிக் கொடுத்து விவகாரத்தை முடித்துவிட்டது.

குவைத்தில் நடந்தது இங்கே நடக்காதா?

போர் முடிந்ததும் குவைத் தினார் ஓர் இரவில் எகிறி, வைத்திருந்தவர்களைப் பணக்காரர் ஆக்கியது என்பது இவர்கள் சொல்லும் உதாரணம். இங்கே அது நடக்காது. ஏனென்றால், அவர்கள் சொல்வது குவைத்திலேயே நடக்கவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே புகுந்தபோது குவைத் தினார் முடக்கப்பட்டது. 1991-இல் நாடு மீண்டதும் அந்த நாணயம் ஏறக்குறைய பழைய மதிப்புக்கே திரும்பியது. அந்த அரசுக்கு வெளிநாடுகளில் பெரும் முதலீடு இருந்தது, மக்கள்தொகையோ சிறியது. நோட்டை அச்சடித்துத் தள்ளவும் இல்லை. ஈராக்கில் தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நடந்தது நேர் எதிர். அச்சு இயந்திரம் ஓயாமல் ஓடி, ஒரு காலத்தில் மூன்று டாலருக்கு மேல் இருந்த தினார், டாலருக்கு ஆயிரக்கணக்கில் என்று சரிந்தது. 2003 அக்டோபரில் புதிய நோட்டு வந்தபோது சதாம் படம் போட்ட தினாருக்கு ஒன்றுக்கு ஒன்று என்றே மாற்றினார்கள். ஆக, புதிய நோட்டு பழைய சரிவையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் பிறந்தது.

ஒரு பெருக்கல் கணக்கு போதும். புழக்கத்தில் இருக்கும் தினார் சுமார் நூறு ட்ரில்லியன், நம் கணக்கில் நூறு லட்சம் கோடி. தலா மூன்று டாலர் என்றால் 300 ட்ரில்லியன் டாலர். உலக நாடுகள் அனைத்தும் சேர்ந்து ஒரு வருடத்தில் உற்பத்தி செய்வதே நூறு ட்ரில்லியன் டாலரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கடையை மொத்தமாக விற்றாலும் கல்லாவில் அவ்வளவு சேராது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மதிப்பு மாற்றம் நிஜமாகவே நடந்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஈராக் தினாரின் மதிப்பைக் குறைத்து, டாலருக்கு 1,190 என்றிருந்ததை 1,450 ஆக்கியது. 2023 பிப்ரவரியில் 1,300 ஆக்கி மதிப்பை உயர்த்தியது. இரண்டும் பகல் வெளிச்சத்தில், அறிவிப்போடு நடந்தன. நோட்டை மாற்ற இவர்கள் எதிர்பார்க்கும் ரகசியத் தொலைபேசி எண்ணும் இல்லை, ரகசிய மையமும் இல்லை.

தேதியைத் துரத்துவது

இந்த உலகில் வதந்திக்குப் பெயர் ‘இன்டெல்’. அதைக் கொண்டுவருபவர் ‘குரு’. குருவுக்கு எப்போதும் ஒரு பேங்க் அதிகாரி தெரியும், ஒரு ராணுவ நண்பர் இருப்பார், பாக்தாத்தில் ஒரு காது இருக்கும். திங்கள் இரவு என்பார். செவ்வாய்க்கிழமை ‘கடைசி நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள்’ என்பார். தேர்தல் வந்தால் அதனால் தாமதம், புயல் வந்தால் அதனால் தாமதம், எதுவும் வராவிட்டால் பாதுகாப்புக் காரணம்.

நாணயச் சந்தையில் வதந்தியே கிடையாது என்று சொல்லவில்லை. நிறைய உண்டு, ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் தாக்கின. இழப்பீடு கொடுப்பதற்காக ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுச் சொத்துகளை விற்று யென்னாக மாற்றப்போகின்றன என்று பேச்சு பரவியது. அடிபட்ட நாட்டின் நாணயம் விழும் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. மார்ச் 17 அன்று டாலருக்கு 76.25 வரை யென் ஏறி (எண் குறையக் குறைய யென்னுக்கு மதிப்பு அதிகம்), 1995-இன் உச்சமான 79.75-ஐத் தாண்டியது. கடன் வாங்கி எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டியிருந்த சில்லறை வர்த்தகர்களின் கணக்குகள் வரிசையாக ஸ்டாப்-லாஸில், அதாவது நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் பந்தயத்தைத் தானாக முடித்துவிடும் ஏற்பாட்டில், சிக்கி மூடப்பட, அதுவே ஏற்றத்தை இன்னும் தள்ளிவிட்டது. மறுநாளே ஜி-7 நாடுகள் ஒன்றுசேர்ந்து தலையிட்டன, யென் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. வதந்தியை நம்பியவருக்கும் நம்பாதவருக்கும் விடை கையில் கிடைத்துவிட்டது.

தினார் வதந்தியில் அந்த விடை வரவே வராது. பீரோவில் இருக்கும் நோட்டுக்கு ஸ்டாப்-லாஸ் கிடையாது, தினசரி நஷ்டம் கண்ணில் படாது. அதனால்தான் இருபது வருடம் தாண்டியும் ‘இந்த வாரம்’ என்று சொல்ல முடிகிறது.

நம்பிக்கையை விலைப்பட்டியலாக வாசிப்பது

தினாருக்காகக் காத்திருப்பவர்கள் குழுவாகச் சேர்ந்து நடத்தும் தொலைபேசிக் கூட்டங்கள் பெரும்பாலும் ஜெபத்தோடுதான் ஆரம்பிக்கும். ஆர்வியை அவர்கள் ‘ஆசீர்வாதம்’ என்றே அழைப்பதும் உண்டு. பாவிகளின் செல்வம் கடைசியில் நீதிமான்கள் கைக்கு வரும் என்ற பொருளிலான வேத வசனத்துக்கு இங்கே பெரிய மவுசு. கடன்களை ரத்துசெய்யும் பண்டைய யூபிலி ஆண்டைப் பற்றிய பேச்சும் கூடவே வரும்.

கடவுள் நம்பிக்கையில் குறை காண நான் வரவில்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நாணய மதிப்பு பற்றிய ஒரு கேள்வியை விசுவாசத்துக்கான பரீட்சையாக மாற்றிவிட்டால், ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்பவர் சந்தேகப் பிராணி ஆகிவிடுகிறார், எதிர்மறை ஆள் ஆகிவிடுகிறார். குழுவில் பக்கத்தில் இருப்பவர் நம் சபைக்காரர், நமக்காக ஜெபித்தவர். அவரிடம் ரசீது கேட்க வாய் வராது. இப்படி ஒரே நம்பிக்கை, ஒரே சமூகம் என்ற உறவை வைத்து நடக்கும் மோசடிகளைப் பற்றி அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் தனியாகவே எச்சரித்து வருகிறது. ஜெபம் செய்யுங்கள், தாராளமாக. தினார் விலையை மத்திய வங்கி அறிவிப்பில் பாருங்கள்.

பிறக்காத பணத்தில் தர்மம்

எருமை வாங்கும் முன்னே நெய்க்கு விலை பேசுவது பழைய கதை. இங்கே அந்த நெய்யை ஊருக்கு இலவசமாகப் பந்தி வைத்தாகிவிட்டது.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அறுபது வயது, ஓய்வுபெற்றவர். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். முதல் பக்கத்தில் சபைக்குத் தசமபாகம். அடுத்து தங்கையின் வீட்டுக் கடன். மூன்றாம் பக்கத்திலிருந்து பேரிடர் நிவாரணம்: புயல் வந்த ஊரில் ஐம்பது வீடு, ஒரு நடமாடும் சமையல்கூடம், ஜெனரேட்டர்கள். குரு சொன்னதால் இதை ‘மனிதநேயத் திட்டம்’ என்று தலைப்புப் போட்டுத் திருத்தி எழுதியிருக்கிறார். நல்ல திட்டம் காட்டுபவருக்கு ஒரு தினாருக்கு இன்னும் உயர்ந்த விலை கிடைக்குமாம். ஒவ்வொரு முறை டிவியில் வெள்ளம் காட்டும்போதும் அவர் புத்தகத்தை எடுத்து ஒரு வரி சேர்க்கிறார்.

இப்போது அவரிடம் போய் ‘இது நடக்காது, விற்றுவிடுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் அவருடைய 800 டாலர் முதலீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அவர் காதில் விழுவதோ, அந்த ஐம்பது குடும்பங்களை நடுத்தெருவில் விடச் சொல்வது போல. சந்தேகப்படுவதே பாவம் என்று ஆகிவிடுகிறது. பேராசைக்காரருக்குக் கூட என்றாவது அலுத்துப்போகும், நல்ல மனசுக்கு அது அவ்வளவு சீக்கிரம் நடப்பதில்லை.

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. யாரும் கணக்கில் எழுதாதது. நாளைக்குப் பத்து லட்சம் கொடுக்கப்போகிறவருக்கு இன்றைக்குப் பத்து டாலர் கொடுப்பது அற்பமாகத் தோன்றும். 2010-இல் ஹைட்டி பூகம்பத்தின்போது அமெரிக்கர்கள் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி ஆளுக்குப் பத்து டாலர் கொடுத்தார்கள். அந்தச் சில்லறையே சேர்ந்து செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மூன்று கோடி டாலரைத் தாண்டியது.

குழுவின் உண்டியலில் போடுவது

பேரிடர் நடந்த சில நாட்களில் குழுவிலேயே வேண்டுகோள் வரும். நம் உறுப்பினர் ஒருவர் வீடிழந்தார், ஆசீர்வாதம் வரும்வரை தாங்கிப்பிடிப்போம் என்று. உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விசாரிக்காமல் அனுப்புவது தவறு. பணம் யார் பெயரிலான கணக்குக்குப் போகிறது? பதிவுபெற்ற தொண்டு அமைப்பா? அமெரிக்காவில் என்றால் வருமான வரித்துறையின் தளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம். பரிசு அட்டை எண்ணைக் கேட்டால், கிரிப்டோவில் மட்டும் கேட்டால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2005 செப்டம்பரில், போலி நிவாரண வசூலைப் பிடிப்பதற்கென்றே அமெரிக்க நீதித்துறை தனிப் படை அமைக்க வேண்டியிருந்தது.

குருவின் ‘செலவுக்கு’ அனுப்புவதும் இதே உண்டியல்தான், என்ன, பெயர் வேறு.

விற்பவர் யார் என்று பார்க்காமல் இருப்பது

அட்லாண்டாவில் ஸ்டெர்லிங் கரன்சி குரூப் என்று ஒரு நிறுவனம் இருந்தது. தினார் விற்றே 60 கோடி டாலருக்கு மேல் வசூல் பார்த்தது. ஆர்வி வருகிறது என்று இணையத்தில் பரப்பியவருக்கு அதுவே ரகசியமாகப் பணம் கொடுத்தது விசாரணையில் தெரியவந்தது. அதன் உரிமையாளர்கள் 2018-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆக, இன்டெல்லும் நோட்டும் ஒரே கடைச் சரக்கு.

இதன் தம்பிதான் தவணை முறை: கொஞ்சம் முன்பணம் கட்டி, பத்து லட்சம் தினாரை உங்கள் பெயரில் ‘ஒதுக்கி வைப்பது’. ஆர்வி கெடுவுக்குள் வராவிட்டால் முன்பணம் போச்சு. மொத்தமாக வாங்கியவருக்கும் சிக்கல் உண்டு. பெரும்பாலான அமெரிக்க பேங்க்குகள் தினாரை வாங்குவதில்லை. விற்க வேண்டுமானால் டீலரிடம்தான் போக வேண்டும், அவர் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நல்ல இடைவெளி இருக்கும். அதனால் அந்த 19 டாலர்கூட முழுதாகக் கைக்கு வராது.

வீட்டில் யாராவது இப்படிக் காத்திருந்தால், மாற்று விகிதத்தை வைத்து அவரிடம் வாதாட வேண்டாம், அவரிடம் அதற்கு ஆயிரம் இன்டெல் இருக்கும். அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்திலிருந்து, இருபது டாலருக்குள் இந்த வாரமே செய்யக்கூடியது எது என்று கேளுங்கள்.