627001-ஐக் கையாலேயே உடைப்பது எப்படி

போன வாரம் திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கிவந்த அல்வா டப்பாவின் மூடியில், முகவரிக்குக் கீழே 627001 என்று பின்கோடு இருந்தது. தங்கச்சி மகன் பார்த்துவிட்டு, "மாமா, இத எதாலயும் வகுக்க முடியாதுல்லா?" என்றான். கால்குலேட்டரை எடுக்கவிடாமல் பேப்பரும் பேனாவும் கொடுத்து உட்காரவைத்தேன். நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன், பெரிய எண் எது கிடைத்தாலும் இதே வழிதான்.

முதலில் எதுவரை தேட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 791-ஐ 791-ஆல் பெருக்கினால் 625681. 792-ஐ 792-ஆல் பெருக்கினால் 627264, நம் எண்ணைத் தாண்டிவிடுகிறது. ஓர் எண் இரண்டு காரணிகளாக உடைந்தால் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது, அதனால் 791 வரைக்கும் உள்ள பகா எண்கள் போதும். அவையே 138 இருக்கின்றன, பயல் முகம் வாடிவிட்டது.

ஆனால் எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 627 என்பது 3×11×19. அப்படியானால் 627000-ஐ 2, 3, 5, 11, 19 எல்லாமே வகுக்கும், நம் எண்ணில் அதைவிட ஒன்று அதிகம் என்பதால் எல்லாவற்றுக்கும் மீதி 1. ஐந்தும் ஒரே அடியில் போச்சு. 7-க்கும் 13-க்கும் 1001 = 7×11×13 என்பது கைகொடுக்கும்: எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கழித்தால் 627 − 001 = 626, இதை 7-ஆல் வகுத்தால் மீதி 3, 13-ஆல் வகுத்தால் மீதி 2. இரண்டும் இல்லை.

அப்புறம் 17, 23, 29 என்று பொறுமையாக வகுத்துக்கொண்டே போக வேண்டியதுதான், இதில் குறுக்குவழி தேடாதீர்கள். 71-க்கு வந்தோம். 71×8000 போக மீதி 59001, அதில் 71×800 போக 2201, அது சரியாக 71×31. ஆக 627001 = 71×8831.

இங்கேதான் பலர் வீணாக உழைக்கிறார்கள், 8831-ஐ மறுபடி 2-லிருந்து ஆரம்பிக்கிறார்கள். தேவையே இல்லை. அதை 2 வகுத்தால் 627001-ஐயும் வகுத்திருக்குமே! எல்லையும் சட்டென்று இறங்கிவிட்டது: 94×94 = 8836, ஆகவே 93 வரை போதும். மிச்சம் 71, 73, 79, 83, 89 மட்டும். மீதிகள் முறையே 27, 71, 62, 33, 20. எதிலும் பூஜ்யம் வரவில்லை, 8831 பகா எண். 138 என்று மலைத்த வேலை 24 பகா எண்களோடு முடிந்தது, எனக்கு இந்தக் கணக்கில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

உடைத்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். வகுத்திகள் நான்கு: 1, 71, 8831, 627001. கூட்டுத்தொகை (1+71)×(1+8831), அதாவது 72×8832 = 635904.

சரி, சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டை போவோம், அங்கே பின்கோடு 627002. அடுத்தடுத்த எண்கள் என்பதால் 71 இதை வகுக்காது, 8831-ம் வகுக்காது. 999 = 27×37 என்பதால் இந்தத் தடவை மும்மூன்று இலக்கமாக வெட்டிக் கூட்டுங்கள்: 627 + 002 = 629 = 17×37. ஆக 37 வகுக்கும், ஈவு 16946. அதையும் வெட்டிக் கூட்டினால் 16 + 946 = 962 = 26×37, மறுபடியும் 37! மிஞ்சுவது 458, அதாவது 2×229. 229-க்கு 13 வரை பார்த்தால் போதும், பயலே தனியாகப் பார்த்து முடித்துவிட்டான்.