பாலைவனத்து உப்புக்கு வயது கணிக்கையில் நேரும் தவறுகள்

தெற்கு ஓமன் பாலைவனத்தின் அடியில் புதைந்திருக்கும் ஆரா உப்புத்தொகுதிக்கு வயது சுமார் 54 கோடி ஆண்டுகள். இந்த எண்ணை உப்பு தரவில்லை. உப்புக்கு நடுவே சிக்கிய சுண்ணப்பாறையில் இருந்த எரிமலைச் சாம்பல்தான் தந்தது. உப்பையே நேராக ஆய்வகத்துக்கு அனுப்புகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பொட்டாசியம் குளோரைடு உப்பான சில்வைட்டில் பொட்டாசியம் ஏராளம் என்பதால், பொட்டாசியம் சிதைந்து ஆர்கான் வாயு சேர்வதை அளக்கும் பொட்டாசியம்–ஆர்கான் முறை ஆசை காட்டும். ஆனால் உப்புநீர் கொஞ்சம் ஊடுருவினாலே பழைய படிகம் கரைந்து புதிது வளரும். சேர்ந்திருந்த ஆர்கான் போய்விடும். கையில் மிஞ்சுவது கடல் வற்றிய காலமல்ல, உப்பு கடைசியாக உருமாறிய காலம். பொட்டாசியம் கலந்த சல்பேட் கனிமமான பாலிஹாலைட் ஆர்கானை இதைவிட நன்றாகப் பிடித்துவைக்கும். அதுவும் பெரும்பாலும் கால்சியம் சல்பேட் கனிமங்களான ஜிப்சத்தையோ அன்ஹைட்ரைட்டையோ தின்று பிற்பாடு உருவானது என்பதால், அது சொல்வது தன் பிறந்தநாளைத்தான்.

யுரேனியம் சிதைந்து தோரியம்-230 சேர்வதை அளக்கும் யுரேனியம்–தோரியம் முறையை இங்கே கொண்டுவரவே கூடாது. தோரியம்-230-இன் அரைவாழ்வு சுமார் 75,600 ஆண்டுகள். ஐந்தாறு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் அது வாய் திறக்காது. கலிபோர்னியாவின் டெத் வேலியில் துளையிட்டு உருளையாக எடுத்த 186 மீட்டர் உப்பு உள்ளகத்துக்கு, அதாவது சுமார் 2 லட்சம் ஆண்டு வரலாற்றுக்கு, அது சரியான கருவி.

சாம்பல் கிடைத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. மெல்லிய சாம்பல் படலத்தைச் சாதாரணக் களிமண் என்று ஒதுக்கிவிடுவார்கள். துளைக்கிணற்றில் பாறையின் கதிர்வீச்சை அளக்கும் காமா பதிவில் திடீர் உச்சம் தெரிந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். சாம்பலின் வயதைச் சொல்வது அதிலுள்ள சிர்கான் என்ற சிறு படிகங்கள்; அவற்றில் யுரேனியம் சிதைந்து ஈயமாவதைத்தான் அளப்பார்கள். சிர்கானில் ஈயம் கசிந்த பகுதிகளை நீக்க, சுமார் 900 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் சூடேற்றி, பின் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தில் பகுதி கரைக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் வயது இளையதாகக் காட்டும். ஆற்று மணலோடு வந்த பழைய சிர்கான் கலந்தாலோ நேர்மாறு. மணற்கல்லில் கிடைத்த ஆக இளைய சிர்கான் மணி அதிகபட்ச வயதை மட்டுமே சொல்லும். படிவு அதைவிட இளையதாகவும் இருக்கலாம்.

ஆழத்தை நம்புவதும் ஆபத்து. உப்பு பாயும், உள்ளே இருக்கும் சுண்ணப்பாறைத் துண்டுகளை உடைத்துச் சாய்த்து இடம்மாற்றும். கீழே இருப்பதெல்லாம் மூத்தது என்ற விதி இங்கே செல்லாது.

இன்னொன்று: ஆரா சாம்பலின் வயதை வைத்துத்தான் கேம்பிரியன் என்ற புவியியல் காலத்தின் தொடக்கம் 54.1 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று நெடுநாள் வழங்கியது. இப்போதைய புவியியல் கால அட்டவணையில் அது 53.88 கோடி. பழைய கட்டுரையில் ‘கேம்பிரியன் எல்லை’ என்று படித்தால், எந்த எண்ணைக் கொண்டு எழுதியது என்று முதலில் பாருங்கள்.