ஊர் ஊராகப் போய் ஆடும் மிட்ஃபீல்டர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோஹன் ரிக்கெட்ஸ் என்ற பெயர் நம்மில் பலருக்குப் பழக்கமில்லை. லண்டனில் பிறந்த கால்பந்து மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள ஆட்டக்காரர். ஆர்சனல் அகாடமியில் வளர்ந்தவர், 2002-இல் டாட்டனம் கிளப்புக்குப் போய் பிரீமியர் லீக்கிலும் ஆடினார். அப்புறம் வுல்வ்ஸ், பார்ன்ஸ்லி, கனடாவின் டொராண்டோ, ஹங்கேரி, மால்டோவா, ஜெர்மனி, அயர்லாந்து, நம் கோவாவின் டெம்போ, ஈக்வடார், பங்களாதேஷ் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே இருந்தார். இதைத் தோல்விக் கதையாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. தொழில்முறைக் கால்பந்தில் பெரும்பாலானோரின் வாழ்க்கை இதுதான். ஒரே ஜெர்சியில் பத்து வருஷம் ஆடுபவர்கள் விதிவிலக்கு.

இப்படி ஆடுபவர்களைக் காலில் உள்ள குறையைவிடக் கையெழுத்தில் நடக்கும் தவறுதான் அதிகம் வீழ்த்துகிறது.

அதில் முதலாவது, சம்பளம் வராதபோது வாய்மூடிக் காத்திருப்பது. வீரர்களின் உலகச் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-இல் 54 நாடுகளில் சுமார் 14,000 பேரிடம் கேட்டபோது, கடந்த இரண்டு ஆண்டுகளில் சம்பளம் தாமதமானதாக 41 சதவீதம் பேர் சொன்னார்கள். தெரியாத ஊர், புரியாத மொழி. மேனேஜர் தோளில் தட்டி "அடுத்த வாரம் வந்துவிடும்" என்கிறார். கோபப்பட்டால் அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம் வேறு. இரண்டு மாதம் நான்காகிறது.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. ஒருநாள் பொறுமை இழந்து, யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்காமல் விமானம் ஏறிவிடுவது. அந்த நொடியில் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று கிளப் வாதாட வழி கிடைக்கிறது. நஷ்ட ஈடும் கேட்கலாம், நான்கு மாத ஆட்டத் தடைக்கும் முயற்சி செய்யலாம். சரியான வழி உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதியிலேயே இருக்கிறது. 2018-இலிருந்து, இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிலுவையில் இருந்தால் வீரர் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, முழு பாக்கியையும் தர 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கும் பணம் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். வேறு நாட்டுக் கிளப்போடு தகராறு என்றால் ஃபிஃபாவின் தீர்ப்பாயத்துக்கே போகலாம். ஆனால் பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டு கடந்துவிட்டால் அங்கே வழக்கை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே நோட்டீஸ், பாங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். நம் ஊரிலும் 2006-இல் பாய்ச்சுங் பூட்டியா தொடங்கிய வீரர்கள் சங்கம் இருக்கிறது. சங்கத்தில் சேருவதைப் பிரச்சினை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் ஒரு தவறுதான்.

அடுத்து, கையெழுத்துப் போடும் காகிதம். "மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் இந்த ஒப்பந்தம் செல்லும்", "வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும்" என்ற வரிகளைப் பார்த்துப் பல வீரர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். ஒப்பந்தம் செல்லுபடியாவதை இந்த இரண்டோடும் கட்டிப்போட ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. சோதனையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து இறங்கிய பிறகு "முழங்கால் சரியில்லை" என்று கைவிரிப்பவர்களிடம் காட்ட வேண்டிய விதி இது. தொகை வரி பிடித்த பிறகா, பிடிப்பதற்கு முன்பா என்பதையும் எழுதி வாங்குங்கள். வீடு, விமான டிக்கெட் என்று வாயால் சொன்னது எதுவும் காகிதத்தில் இல்லாவிட்டால் இல்லைதான்.

தேதிகளைக் கவனிக்காத தவறுக்கு வரும்போது ழான்-மார்க் போஸ்மானை நினைக்காமல் இருக்க முடியாது. அவரும் மிட்ஃபீல்டர்தான், பெரிய நட்சத்திரம் இல்லை. 1990-இல் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பழைய சம்பளத்தில் கால் பங்குதான் தருவோம் என்றார்கள். பிரான்ஸின் டன்கர்க் போக நினைத்தார், அந்த மாற்றமும் நடக்காமல் போனது. அவர் நீதிமன்றம் போனார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்பால்தான், ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பழைய கிளப்புக்கு மாற்றக் கட்டணம் எதுவும் இல்லாமல் வேறு கிளப்புக்குப் போக முடிகிறது. நாடு விட்டு நாடு போய் ஆடும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். அந்த வழக்கிலேயே அவருடைய நல்ல ஆண்டுகள் கரைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அவர் வாங்கித் தந்த உரிமையைத் தேதி தெரியாமல் வீணாக்காதீர்கள். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு நேராகப் பேசிக் கையெழுத்திடலாம். வீரர்களைக் கிளப்புகள் பதிவு செய்யும் காலமான மாற்றச் சாளரம் மூடுவதற்கு முன்பே ஒப்பந்தம் முடிந்திருந்தால், சாளரம் மூடிய பிறகும் புதுக் கிளப்பில் பதிவு செய்ய வழி உண்டு. மூடிய மறுவாரம் "பேசிப் பிரிந்துகொள்வோம்" என்று ஒப்புக்கொண்டால், பெரும்பாலும் அடுத்த சாளரம் வரை வீட்டில்தான். இன்னொன்று, ஒரே சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் இரண்டு கிளப்புக்குத்தான் ஆட முடியும். சீசன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் நாடுகளுக்கு இடையே மட்டும் இதில் விலக்கு கிடைக்கலாம். ஜனவரியில் அவசரமாக மூன்றாவது கிளப்புக்குத் தாவும்முன் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

கிளப்பின் பெயருக்காகப் போய் பெஞ்சில் உட்காருவது மிட்ஃபீல்டரை மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கும். ஸ்ட்ரைக்கர் பத்து நிமிடம் இறங்கி ஒரு கோல் போட்டால் பேசப்படுவார். நடுவில் ஆடுபவருக்கு ஆட்டத்தின் தாளம் பிடிபடவே அரைமணி வேண்டும். சீசனில் பத்து சதவீதத்துக்கும் குறைவான ஆட்டங்களில்தான் இறக்கினார்கள் என்றால், நிலைபெற்ற தொழில்முறை வீரர் (பயிற்சிப் பருவத்தை முடித்தவர்) அதையே காரணமாகக் காட்டி வெளியேறலாம் என்று ஒரு விதி உண்டு. கடைசி ஆட்டம் முடிந்த 15 நாளுக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும். "எங்கே போட்டாலும் ஆடுவேன்" என்பதும் முதல் வருஷம் நல்ல பெயர் வாங்கித் தரும். மூன்றாவது வருஷம் உங்களை எந்த இடத்துக்கு எடுப்பது என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியாது.

வீடியோ அனுப்பும்போது கோல்களையும் வெட்டித் தாண்டும் துணுக்குகளையும் மட்டும் கோத்து அனுப்பாதீர்கள். பந்து காலில் இல்லாதபோது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், பந்து வரும்முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறீர்களா என்பதைத்தான் தேர்வாளர் தேடுவார். ஒரு முழு ஆட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

சோதனைத் தேர்வுக்கு அழைத்துப்போகிறேன், முன்பணம் கொடு என்று கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். அவர் பெயர் ஃபிஃபாவின் உரிமம் பெற்ற முகவர் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

கடைசியாக, காயம். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கையில் தொடைத் தசை இழுத்துக்கொண்டால், அடுத்த கிளப் பார்க்குமே என்று ஊசி போட்டு இறங்கத் தோன்றும். அந்தத் தசை முழுதாகக் கிழிந்தால் மாதக்கணக்கில் ஓட முடியாது, ஒப்பந்தம் அதற்குள் முடிந்திருக்கும், சிகிச்சைச் செலவும் உங்கள் தலையில் விழலாம். காயத்தை அன்றைக்கே கிளப் மருத்துவரிடம் பதிவு செய்யச் சொல்லி, ஒரு நகலை வாங்கி வையுங்கள்.